எரர் காயின் வாங்கப் போகிறீர்களா? எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

நாணயக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் ஏதாவது ஒரு மேஜையில் ‘எரர்’, அதாவது அடிக்கும்போதே பிழையாகிப்போன காசுகள், என்று சீட்டு ஒட்டிய ஆல்பம் ஒன்று இருக்கும். ஒரு காசில் சிங்கத் தலை ஓரத்துக்கு ஒதுங்கிப் பாதி வெளியே போயிருக்கும். இன்னொன்றில் பின்பக்கமே இருக்காது. அடுத்ததில் இரண்டு பக்கமும் தலை. பத்து ரூபாயில் நடுவட்டம் தலைகீழாக இருக்கும். புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தவர் கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது; அதற்கு ஒன்றோ இரண்டோதான் வாங்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது?

பார்த்தால் எது அதிசயமாக இருக்கிறது என்று வரிசைப்படுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதே காசை வெளியே ஒரு பட்டறையில் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று வரிசைப்படுத்தினால் இன்னொரு பட்டியல் வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று தலைகீழ். ஆளை அசத்துகிற காசுகள்தான் செய்வதற்குச் சுலபமானவை. பார்க்கச் சாதாரணமாக இருப்பவைதான் போலி செய்ய முடியாதவை. முதல் காசை இரண்டாவது பட்டியலைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. இங்கே நான் பேசுவது முக்கியமாக நம்முடைய குடியரசு நாணயங்களைப் பற்றி.

முதலில் எரரே இல்லாத சிலவற்றைக் கழித்துவிடலாம். ரூபாய்க் குறி இல்லாத பத்து ரூபாய் எரர் இல்லை. அந்தக் குறி 2010 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது, காசுகளில் 2011 முதல் வந்தது. அதற்கு முந்தைய காசில் எப்படி இருக்கும்? மேலே கதிர்கள் 10 இருக்கிறதா 15 இருக்கிறதா என்பதும் அப்படித்தான். பத்து ரூபாய் 14 வடிவங்களில் வெளியாகியிருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அப்புறமும் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் வாங்க மறுத்த கதை தனி. ஆண்டுக்குக் கீழே உள்ள குறி எந்த மின்ட்டில் (நாணயச் சாலையில்) அடித்தது என்று சொல்லும்: வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ‘குறி விட்டுப்போன அபூர்வ காசு’ என்று கொல்கத்தா காசை விற்பவர்கள் உண்டு. 1985 ஒரு ரூபாயில் ‘எச்’ என்ற எழுத்தைப் பார்த்தாலும் பதற வேண்டாம். அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்து வந்தது. வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012 ஐந்து ரூபாயும் எரர் இல்லை, நினைவு நாணயம், அவ்வளவுதான்.

பழசிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911 ரூபாயில் அவருடைய அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று பெரிய பிரச்சினையாகி, 1912-ல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று அதற்கு நல்ல கிராக்கி உண்டு. ஆனால் அது வரைந்தவரின் குறை. மின்ட் எந்திரம் தவறிழைத்த காசு இல்லை.

சரி, எது எரர்? தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டுவார்கள். அதைச் சூடாக்கிப் பதப்படுத்தி, கழுவி, ஓரத்தைச் சற்றே மேடாக்குவார்கள். பிறகு அந்த வில்லை பிரஸ்ஸுக்குள் போய், கீழே ஒரு டை (உருவம் செதுக்கிய அச்சு), மேலே ஒரு டை, சுற்றிலும் காலர் என்ற வளையம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரே அடி வாங்கும். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றும் அந்த ஒரே கணத்தில் உருவாகின்றன. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஓடும் எந்திரத்தில் வில்லை சரியாக உட்காராமல் போகலாம், டை தளரலாம், அடித்த காசு வெளியேறாமல் ஒட்டிக்கொள்ளலாம். இப்படி நடந்தவை மட்டும்தான் எரர். மின்ட் வாசலைத் தாண்டிய பிறகு சுத்தியல், அரம், லேத், அமிலம், ரயில் தண்டவாளம் எதில் பட்டாலும் அது அடிபட்ட காசு. வேண்டுமென்றே செய்திருந்தால் மோசடிக் காசு.

ஆகவே விற்பவர் என்ன சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்தப் படியில், எப்படி நடந்திருக்க முடியும்? ‘மின்ட்லயே இப்படித்தான் வந்துச்சு’ என்பது பதில் இல்லை.

முதல் காசுக்கு நான் சொல்வது

டை ரொட்டேஷன். இந்தியக் காசை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஒரு டை அதன் பிடியில் தளர்ந்து சுழன்றிருந்தால் பின்பக்கம் சாய்ந்தோ படுத்தோ தலைகீழாகவோ வரும். இதைப் போலி செய்ய வேண்டுமானால் காசை இரண்டாகப் பிளந்து ஒட்ட வேண்டும். எரர்களிலேயே விலை குறைவான இந்த வகைக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். லேசாகச் சாய்ந்ததற்குப் பணம் கொடுக்காதீர்கள், அது ஏராளம். 90 டிகிரிக்கு மேல் இருந்தால் எடுக்கலாம், முழுசாக 180 என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே எச்சரிக்கை: அமெரிக்கக் காசுகள் இயல்பாகவே பின்பக்கம் தலைகீழாகத்தான் அடிக்கப்படுகின்றன. அமெரிக்க கால் டாலரை ‘180 டிகிரி எரர்’ என்று நீட்டுகிறவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தும் இருக்கலாம்.

அடுத்தது ஆஃப் சென்டர். வில்லை காலருக்குள் முழுதாக இறங்காமல் ஒதுங்கிக் கிடக்கும்போது அடி விழுந்தால் உருவம் ஒரு பக்கம் தள்ளிப் பதியும். மறுபக்கம் வெற்றுப் பிறை மாதிரி நிற்கும். காலர் பிடிக்காததால் உலோகம் தோசை மாவு போலப் பக்கவாட்டில் பரவியிருக்கும். அதனால் வட்டம் சற்றுக் கோணலாக, வழக்கத்தைவிட அகலமாக இருக்கும். ஓரத்தில் வரிவரியாக வர வேண்டிய பல் இருக்காது. வெட்டுப்படும் இடத்தில் எழுத்துகள் விளிம்பை நோக்கி இழுபட்டிருக்கும். இதையெல்லாம் ஒரு சுத்தியலால் கொண்டுவர முடியாது. போலி செய்ய நினைப்பவர்கள் காசின் ஒரு பகுதியை அரத்தால் தேய்த்து வெறுமையாக்குவார்கள். அப்போது அந்த இடம் மெலிந்துபோகும், எடை குறையும், பல் ஓரம் நல்லபடியாக அப்படியே இருக்கும். அசல் ஆஃப் சென்டர் காசில் ஒரு மில்லிகிராம் உலோகம்கூட வெளியே போயிருக்காது. எடை முழுசாக நிற்க வேண்டும்.

இரண்டில் எது? ஆண்டு தெளிவாகத் தெரிகிற, பாதிக்குப் பாதி ஒதுங்கிய ஆஃப் சென்டர் கிடைத்தால் பணம் கொஞ்சம் அதிகமானாலும் அதைத்தான் எடுப்பேன். பத்து சதவீதம் ஒதுங்கியது, ஆண்டு வெட்டுப்பட்டது என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல ரொட்டேஷன் மேல்.

நடுத்தரம்: கடித்த காசு

வில்லை வெட்டும் எந்திரத்தில் தகடு சரியாக நகராவிட்டால், ஏற்கனவே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழும். பிறையாகக் கடித்தெடுத்த மாதிரி வில்லை வரும். இது ‘கிளிப்’. அடி விழுவதற்கு முன்பே துண்டு போய்விட்டது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். துண்டு அடிக்கு முன் போனதா, பின் போனதா? அதைக் காசே சொல்லும்.

லூப் (சிறிய பூதக்கண்ணாடி) வைத்து முதலில் கடிபட்ட இடத்தைப் பாருங்கள். பக்கத்து எழுத்துகள் வெட்டை நெருங்க நெருங்கத் தேய்ந்து, சற்றே வழிந்து, அதை நோக்கிச் சாய்ந்திருந்தால் நல்லது. அடி விழும்போது காலியாக இருந்த அந்தப் பக்கத்துக்கு உலோகம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எழுத்து முழு உயரத்தோடு வந்து கத்தியால் வெட்டினாற்போல் நறுக்கென்று முடிந்தால், அது வெளியே கட்டர் வைத்து வெட்டியது. அடுத்து காசை அரை வட்டம் திருப்பி, கடிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். அசலில் பெரும்பாலும் அங்கே விளிம்பு மெலிந்தோ காணாமலோ இருக்கும். ஓரத்தை மேடாக்கும் எந்திரத்தில் ஒரு பக்கம் கடிபட்டிருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைப்பதில்லை, அதனால்தான். வெட்டியவருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் ஏதும் செய்ய முடியாது. இந்த மெலிவு எல்லா அசல் காசிலும் பளிச்சென்று தெரியும் என்று சொல்ல மாட்டேன், கடி சின்னதாக இருந்தால் தேட வேண்டியிருக்கும். ஆனால் பெரிய கடியும் எதிரே முழு விளிம்பும் சேர்ந்து இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஆசை காட்டும் புரோக்கேஜ்

இந்தியாவில் எரர் சேர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் காசு இது. வடக்கத்தி வியாபாரிகள் ‘லாக்கி’ என்று சொல்வார்கள். ஒரு பக்கம் சரியான உருவம் மேடாக இருக்கும். மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, பள்ளமாக இருக்கும். அடித்த காசு ஒன்று டையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்து வந்த வில்லைக்கு ஒரு பக்கம் டையின் அடியும் மறுபக்கம் அந்த ஒட்டிய காசின் அடியும் விழுந்தது. அதுதான் நடந்திருக்கும்.

பட்டறை வழி என்ன? இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் போட்டு முறுக்குவது. ஒன்றின் எழுத்து மற்றொன்றில் இடவலம் மாறிப் பதியும். ஆல்பத்தின் பிளாஸ்டிக்குக்குள் பார்த்தால் அசத்தலாகத்தான் இருக்கும்.

இதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லவே கூடாது. அசலில் பள்ளமான பக்கத்துக்கு வேறு வரலாறே கிடையாது. அந்தப் பக்கம் அடி வாங்கியதே ஒரு தடவைதான், அதுவும் ஒட்டிய காசிடமிருந்து. அங்கே அந்தப் பக்கத்தின் வழக்கமான உருவம், அதாவது மதிப்பு எண்ணோ கதிரோ, துளியும் இருக்க முடியாது. வைஸ் காசில் அது இருந்தே தீரும். பள்ளமான, இடவலம் மாறிய எழுத்துக்குக் குறுக்கே, நசுங்கிப் போன பழைய மேட்டு எழுத்து கோடு கோடாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு அடுக்கும் பிரிந்து தெரியும். அதோடு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அசலில் அது எந்தக் குறையும் இல்லாத நல்ல காசு மாதிரி இருக்கும். வைஸ் காசில் வைஸின் தாடை அழுத்திய சுவடு சிங்கத்தின் நெற்றி, எண்ணின் முகடு போன்ற உயரமான இடங்களில் தட்டையாகப் பளபளக்கும். தோலோ மரக்கட்டையோ வைத்து முறுக்கினால் இந்தச் சுவடு குறையும். நசுங்கிய பழைய உருவம் மட்டும் எங்கும் போகாது.

உலோகத்தையும் கணக்கில் வையுங்கள். ஸ்டீல் காசில் வைஸ் வேலை அவ்வளவு சுலபமாக ஏறாது. அலுமினியத்தில் வந்த பழைய 5, 10, 20 பைசாக்கள் மெத்தென்ற காசுகள், எதை வைத்து அழுத்தினாலும் பதியும். அதனால் அலுமினியப் பைசா புரோக்கேஜ் என்றால் சந்தேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. சதுர 5 பைசாவில் முழு புரோக்கேஜ் என்றால் ஒட்டிய காசும் புதிய வில்லையும் ஒரே சதுரக் காலருக்குள் இருந்திருக்கின்றன. பள்ள உருவம் மூலைக்கு மூலை பொருந்தித்தான் நிற்கும். சாய்ந்து பதிந்திருந்தால் யாரோ கையால் வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

முதல் காசாக இதை வாங்காதீர்கள் என்பேன். தெரிந்த வியாபாரியிடம், பத்து அசலைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

பத்து ரூபாய் நடுவட்டம்

பொதுமக்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஆனால் கண்டுபிடிக்கச் சுலபமானதும் இதுதான். பத்து ரூபாயில் வெளி வளையம் ஒரு உலோகம், நடுவட்டம் வேறு உலோகம். இரண்டையும் வெறும் வில்லைகளாகப் பொருத்திய பிறகுதான் டை அடிக்கும். அந்த அடியில்தான் நடுவட்டம் விரிந்து வளையத்தைக் கவ்விக்கொள்கிறது, எழுத்தும் உருவமும் அதே அடியில் வருகின்றன. அதாவது அடி விழும் முன் நடுவட்டத்துக்கு மேல், கீழ் என்பதே கிடையாது. அது எப்படிச் சுழன்று உட்கார்ந்திருந்தாலும் கவலை இல்லை, டை எல்லாவற்றையும் நேராகவே அடிக்கும். ஆகவே சிங்கம் சாய்ந்து, சுற்றியுள்ள எழுத்து நேராக நிற்கும் பத்து ரூபாய் மின்ட்டில் பிறக்கவே முடியாது. நடுவட்டத்தைத் தட்டி எடுத்து, திருப்பி, மறுபடி அடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இதற்கு லூப்கூட வேண்டாம்.

வளையம் மட்டும் விற்பார்களே, அது கொஞ்சம் சிக்கல். நடுவட்டம் இல்லாமலேயே வளையம் அடி வாங்குவது உண்மையில் நடக்கக்கூடியது. இங்கே எடை மிஷின் உதவாது: 7.71 கிராம் காசில் வளையத்தின் பங்கு 4.45, நடுவட்டம் 3.26. அசலானாலும் தட்டி எடுத்ததானாலும் வளையம் அதே 4.45 தான் காட்டும். பார்க்க வேண்டியது ஓட்டையின் உள்சுவரை. நடுவில் ஆதரவு இல்லாமல் அடி விழுந்திருந்தால் உலோகம் ஓட்டைக்குள் வழிந்து வட்டம் கெட்டிருக்கும். கச்சிதமான வட்டமாக, உள்சுவரில் நடுவட்டம் கவ்வியிருந்த தடம் தெரிந்தால், காசு முழுசாகப் பிறந்து பிறகு பிரிக்கப்பட்டது. தடம் ஒரு பக்கமாக உரசியிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தட்டினார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

வளையத்தின் ஓட்டையே ஒதுங்கி வெட்டப்பட்டு, நடுவட்டம் பிறைபோல ஒரு பக்கம் தள்ளி நிற்கும் காசுகள் உண்டு. அதில் உலோகம்தான் இடம் மாறியிருக்கும். உருவமும் எழுத்தும் அதனதன் இடத்தில் இரு நிறத்தின் மேலும் தடையின்றி ஓடும். அப்படி ஒன்று சரியான எடையோடு கிடைத்தால் விடாதீர்கள்.

தொடவே வேண்டாம் என்று நான் சொல்பவை

இரண்டு பக்கமும் தலை, அல்லது இரண்டு பக்கமும் பூ. ஒரு காசைக் கிண்ணம்போலக் குடைந்து, இன்னொன்றைச் சீவி அதற்குள் பதித்துவிடுவது மேஜிக்காரர்களின் பழைய சாமான். நல்ல லேத் ஆள் செய்தால் எடைகூடச் சரியாக வரும். ஒரு பக்கத்தில் விளிம்பின் உட்புறம் ஒட்டி, முடி போன்ற வட்டக் கோடு ஓடுகிறதா பாருங்கள். சுண்டிவிட்டால் கணீரென்று ஒலிக்காமல் ‘டொக்’ என்கிறதா கேளுங்கள். சேராத இரண்டு டை சேர்ந்து அடிப்பது உலகத்தில் நடக்காததில்லை. பிரிட்டனில் 2008-ல் 20 பென்ஸின் ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றியபோது, பழைய முன்பக்க டையையும் புதிய பின்பக்க டையையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். ஆண்டே இல்லாத காசுகள் வெளியே வந்தன. ஆனால் அதுவும் ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பூதான். ஒரே முகம் இரண்டு பக்கமும் என்றால், நிரூபிக்கும்வரை பொம்மைக் காசு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் வெறுமை. இரண்டு வில்லை ஒன்றாகப் பிரஸ்ஸுக்குள் போனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கும். அசல் இருக்கிறது. ஆனால் தேய்த்து எடுப்பது அதைவிடச் சுலபம். ஒரு பக்கத்து உருவத்தையும் விளிம்பையும் லேத்தில் சீவினால் ஐந்து ரூபாய்க் காசில் கால் கிராமாவது குறையும். ஆகவே இதற்கு எடைதான் நீதிபதி. எடை சரியாக இருந்து, வெற்றுப் பக்கத்தில் வட்டவட்டமான லேத் கோடுகள் இல்லாமல் வில்லையின் மங்கலான தோல் அப்படியே இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

செம்பு நிறத்தில் ஸ்டீல் காசு, பொன்னிறத்தில் வெள்ளைக் காசு. மயில்துத்தக் கரைசலும் முலாமும் தெரிந்தவருக்கு இது ஒரு மாலைநேர வேலை. ஸ்டீலை அடுப்பில் காட்டினாலே வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று வரிசையாக வரும். காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். நம் ஸ்டீல் காசு காந்தத்தில் ஒட்டும். செம்போ நிக்கல் பித்தளையோ ஒட்டாது. அமெரிக்காவின் 1943 செம்பு ஒரு சென்ட் கதை இதற்குப் பாடப்புத்தகம். போர்க்காலத்தில் துத்தநாகம் பூசிய ஸ்டீலில் அடித்த ஆண்டு அது. தவறிப்போய்ச் செம்பு வில்லையில் விழுந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதற்குக் கிடைத்த விலையைப் பார்த்து ஸ்டீல் காசுக்குச் செம்பு முலாம் பூசினார்கள், காந்தம் காட்டிக்கொடுத்தது. பிறகு உண்மையான செம்புக் காசான 1948-ல் எட்டைச் சுரண்டி மூன்றாக்கினார்கள். காந்தம் ஏமாந்தது, லூப் பிடித்தது.

வேறு மதிப்பின் வில்லையில் அடித்தது என்று சொல்வார்கள். அசலானால் நல்ல காசு. அதன் எடை நாட்டில் புழங்கும் ஏதாவது ஒரு வில்லையின் எடையோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஒரு வில்லங்கம்: 2011-ல் வந்த புதிய இரண்டு ரூபாயும் 2007-ல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாயும் ஒரே அளவு, 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். இந்த ஜோடியில் எடை எதையும் நிரூபிக்காது.

எழுத்து விட்டுப்போனது, எழுத்து இரட்டையாக வந்தது இரண்டையும் ஆரம்பத்தில் ஒதுக்கிவிடுங்கள். டையின் பள்ளத்தில் கிரீஸ் அடைத்து எழுத்து மங்குவது அசல்தான், ஆனால் மதிப்பு சொற்பம். இரட்டை எழுத்தில் பெரும்பாலானவை அடி விழுந்தபின் டை அதிர்ந்து உரசியவை. படிக்கட்டுபோல் தட்டையாகத் தெரியும், யாரும் விலை தர மாட்டார்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: டையில் விழுந்த கீறல் காசில் மேடாக வரும், காசில் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும். சுரண்டி எடுத்த எழுத்தின் இடம் சுற்றுத்தரையைவிட (உருவம் இல்லாத சமமான பரப்பைவிட) தாழ்ந்து, கோடு கோடாகக் காட்டும். கிரீஸ் மறைத்த எழுத்தின் இடத்தில் தரையின் மினுமினுப்பு தொடர்ந்து ஓடும்.

யாரை நம்பிச் சோதிப்பது

நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல் 0.01 கிராம் காட்டும் சின்ன எடை மிஷின், 10 மடங்கு லூப், காந்தம், முடிந்தால் வெர்னியர் காலிப்பர். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சுமாரான எரர் காசின் விலைதான் வரும். 2011 வரிசையில் ஒரு ரூபாய் 3.79, இரண்டு 4.85, ஐந்து 6 கிராம். பழைய தடித்த ஐந்து ரூபாய் 9 கிராம். சில சென்டிகிராம் ஏறும் இறங்கும், அரை கிராம் ஏறி இறங்காது. இந்த எண்களை போனில் குறித்து வைத்தால் பாதி மேஜைகளைத் தாண்டிவிடலாம்.

அதற்கு மேல் சந்தேகம் வந்தால் மூன்று வழிகள். வாட்ஸாப் குழுவில் படம் போட்டுக் கேட்பது முதலாவது. இலவசம், விடையும் அந்த விலைக்கு ஏற்றதுதான். படத்தில் ஓரம் தெரியாது, எடை தெரியாது, விளக்கைச் சாய்க்க முடியாது. ஆன்லைனில் வாங்குவதிலும் இதே தொல்லைதான். ஓரத்தின் படமும் எடை மிஷின் மேல் வைத்த படமும் அனுப்பாதவரிடம் பணம் போடாதீர்கள்.

மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களில் பழக்கம் பிடிப்பது இரண்டாவது வழி. பல வருஷமாக எரர் மட்டுமே சேர்க்கும் பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பார். ‘ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று நீட்டினால் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார். நான் பார்த்தவரை, ஆயிரங்களில் போகும் காசுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

மூன்றாவது கிரேடிங். அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, எரர் வகையை லேபிளில் எழுதி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகின்றன. ஏலத்தில் விற்கப்போகும் விலை உயர்ந்த காசுக்கு இது சரி. டை ரொட்டேஷனுக்கு அனுப்பினால் கட்டணம் காசின் விலையைத் தாண்டிவிடும். அந்தப் பெட்டிக்கே போலி வருகிறது என்பதால், பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்து, அங்கே வரும் படத்தோடு ஒப்பிடாமல் வாங்கக் கூடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது; பழைய ராஜா காசு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டதுதான்.

எந்தச் சோதனையும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. எந்த நாட்டு மின்ட்டானாலும் உள்ளே யாரோ வேண்டுமென்றே வில்லையைத் தப்பாக வைத்து அடித்திருந்தால் அது எல்லாத் தேர்விலும் தேறும். ஒரே காசில் மூன்று விதமான நாடகத்தனமான எரர் சேர்ந்து வந்தால் எனக்கு அந்தச் சந்தேகம் வரும். அசல் என்றே சொல்வேன், ஆனால் அதற்கு அதிகப் பணம் தர மாட்டேன்.

காசை உருக்குவதும் அழிப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம். அதனால் ‘நாமே ஒன்று செய்து பார்ப்போமே’ என்று பட்டறைப் பக்கம் போக வேண்டாம். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, பழைய காசை லட்சக்கணக்கில் எடுத்துக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். தனக்கு அப்படி எந்தத் தொடர்பும் இல்லை, இதற்காகத் தான் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

கண்காட்சியில் காசுகள் பெரும்பாலும் ஸ்டேப்ளர் அடித்த அட்டைக்குள் இருக்கும். நடுவே உள்ள பிளாஸ்டிக் தாள் கீறியிருந்தால் பாதி விஷயம் மறைந்துவிடும், ஓரம் சுத்தமாகத் தெரியாது. பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல வியாபாரிகள் பின்னை எடுத்துக் காசை வெல்வெட் தட்டில் வைத்து, எடை மிஷினையும் அவர்களே தள்ளுவார்கள். வாங்கினால் எரர் வகையை எழுதி, போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தோடு பில் வாங்குங்கள். அட்டையைப் பிரிக்க மாட்டேன் என்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போகலாம்.